சத்தமில்லாத சுவிட்சுகள்

வோபர்ன் பகுதி வீட்டின் பழைய அலுமினிய வயர்களைக் கழற்றிவிட்டு, மின்வேலைக்கு வந்த அனோஜா புதுச் செப்பு வயர்களை இழுத்து, சுவிட்சுகளையும் மாற்றி முடித்திருந்தாள். பார்வை போன வீட்டுக்காரர் றொபேட்டுக்கு அன்று பின்னேரம் வீடே தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. மனைவி அருள்மலர் எந்த அறையில் நிற்கிறாள் என்பதை, அவள் சுவிட்ச் போடும் 'டிக்' சத்தத்தில்தான் அவர் அறிவார். புதிய சுவிட்சுகளோ மூச்சுக்கூட விடவில்லை.

"அருள், எங்கயப்பா நிக்கிறீர்?"

"மேல நிக்கிறன்! எத்தினை தரம் கூப்பிடுவியள்? கலியாணம் கட்டின புதுசிலகூட இப்பிடித் தேடேல்லை."

அனோஜா சிரித்தாள். "அங்கிள், உது நல்ல விலையான சுவிட்ச். சத்தமே வராது."

"உதுதான் பிள்ளை கரைச்சல். அவ எங்க நிக்கிறா எண்டு எனக்கு விளங்குதில்லை."

அனோஜாவின் சிரிப்பு நின்றது. வாகனத்துக்குப் போய் மலிவான சுவிட்சுகளை எடுத்துவந்து, ஒவ்வொரு சுவரிலும் மாற்றிப் பூட்டினாள்.

அருள்மலர் ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தாள். குசினியில் டிக். ஹோலில் டிக். படியேறியதும் இன்னொரு டிக். அமிழ்ந்திருந்த வீடு அறையறையாக மிதந்து மேலே வந்தது.

"இப்ப குளியலறை வாசல்!" என்று றொபேட் கூவினார்.

"ஓமப்பா ஓம். இனி உங்களுக்கு ஒளிக்கவும் ஏலாது!"