ஏரிக்கரை ரேகைக்காரி காளியாயி

நுவரெலியா ஏரிக்கரையில் இருபது வருடம் கைரேகை பார்த்த காளியாயிக்கு ரேகை பார்க்கத் தெரியாது. குதிரைச் சவாரிக்காரர்களுக்கும் சோளம் அவித்து விற்கிறவர்களுக்கும் அது தெரியும். தெரியாதவர்கள், சித்திரை சீசனுக்குக் கொழும்பிலிருந்து புது ஸ்வெட்டரோடு வந்து இறங்குகிறவர்கள்தான். அழுத முகத்துக்கு மனதில் பாரம், சிரித்த முகத்துக்குக் கண்ணேறு. இந்த இரண்டையும் சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லியே அவள் காலம் ஓடியது. லிந்துலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து முதுகு ஒடிந்ததற்கு இது மேல் என்பாள். கையை நீட்டுகிறவர்கள்மேல் அவளுக்குத் துளி மரியாதை கிடையாது.

தொண்ணூறுகளில் ஆண்டியப்பன் அவளைத் தேடி வந்தான். தோட்டத்துப் பெண்களை வீட்டு வேலைக்கு அரபு நாடுகளுக்கு அனுப்பும் தரகன். தயங்குகிற பெண்களை ஏரிக்கரைக்குக் கூட்டி வருவான். காளியாயி கையைத் தடவிப் பார்த்து, கடல் தாண்டுகிற ரேகை இருக்கிறது என்பாள். அவன் கூட்டி வந்த ஒரு கையில்கூட அந்த ரேகை இல்லாமல் போனதில்லை. அவளுக்குரிய பங்கும் தவறியதில்லை.

அப்படிப் போனவள்தான் பொகவந்தலாவை ஜோசப்பின். எஜமானி வீட்டு மாடியிலிருந்து குதித்துத் தப்பி, கால் உடைந்து திரும்பி வந்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"போற ரேகையத்தான் நீ கேட்ட. திரும்பி வர்ற ரேகைய கேக்கலையே" என்றாள் காளியாயி.

குதிரைக்காரர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சோறு கொண்டு வந்திருந்த நாகலெட்சுமி சிரிக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு, ஜோசப்பினைக் கைத்தாங்கலாக பஸ் வரைக்கும் கூட்டிப் போனாள்.

நாகலெட்சுமி காளியாயியின் ஒரே மகள். வெளிநாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று வீட்டில் அவளை அதட்டி வைத்திருந்தாள் தாய். ஊரார் பிள்ளைகளுக்கு இருந்த ரேகை தன் பிள்ளைக்கு இருக்க வேண்டாம் என்பது அவள் கணக்கு.

அடுத்த முறை ஆண்டியப்பன் கூட்டி வந்த பெண்களோடு நாகலெட்சுமியும் வந்து உட்கார்ந்தாள். முறை வந்ததும் கையை நீட்டினாள்.

"எனக்கும் பாருங்க. இல்லன்னு சொன்னா நான் போகல. ஆனா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும்."

சுற்றியிருந்த பெண்கள் காளியாயியின் வாயையே பார்த்தார்கள். இல்லை என்றால் அவர்களும் எழுந்து போய்விடுவார்கள். ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினான். காளியாயி மகளின் முகத்தைப் பார்க்காமல் கையைத் தடவினாள்.

"இருக்கு" என்றாள்.

நாகலெட்சுமி கையை உருவிக்கொண்டு எழுந்தாள். அந்த மாதமே ஜோர்தானுக்குப் போனாள்.

மகளின் போன் வரும் என்று காளியாயி டவுன் கொமியூனிகேசன் கடையில் போய்ப் போய் உட்கார்ந்தாள். மகள் அழைத்ததெல்லாம் ஜோசப்பின் வீட்டுப் பக்கத்துக் கடைக்குத்தான். பத்திரமாக இருப்பதை ஜோசப்பினிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை தாய்க்கு. ஆனால் அந்தப் படியேற அவளுக்கு முகம் இல்லை.

ஏழு வருடம் கழித்து வந்த நாகலெட்சுமி ஹட்டனில் சின்னதாக வீடு வாங்கி, முன்னறையில் தையல் கடை போட்டாள். ஜோசப்பினும் அங்கேயே தைத்தாள். கேள்விப்பட்டுப் போன காளியாயிக்குத் தேத்தண்ணி கிடைத்தது. கஷ்டப்பட்டாயா என்று மகளிடம் கேட்டாள்.

"மொத வீட்டுல ஒரு வருசம் அடிச்சாங்க. அடுத்த வீட்டுல நல்ல மனுசங்க. இதுல எத நீங்க என் கையில பாத்தீங்கம்மா?"

காளியாயி கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள். இருந்துவிட்டுப் போகும்படி மகள் சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் நானுஓயா தாண்டும்வரை அவள் அழுததைப் பார்த்தவர்கள் உண்டு.

அடுத்த சித்திரையில் அவள் ஏரிக்கரையில் இருந்தாள். வருகிறவர்களிடம், என் மகளுக்கே ரேகை பார்த்துச் சொல்லி அனுப்பினேன், இன்று ஹட்டனில் சொந்த வீடு என்றாள். ஸ்வெட்டர்காரர்கள் வரிசையாகக் கையை நீட்டினார்கள்.