குக்கர் கேக்கும் ஒன்றரை அடியும்

கற்பகம் நகர் நாலாவது குறுக்குத் தெருவில், வீட்டுக்குள் செய்யும் கேக் எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு வீடும் எழும்பும். மூன்று விரல் உயரக் கேக் என்றால் மூன்று விரல் உயரம் வீடு மேலே போகும். அந்தக் கேக்கை அன்று பொழுது சாய்வதற்குள், அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தின்று முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் எழும்பிய வீடு அப்படியே நின்றுவிடும். மிச்சம் வைத்தால் மிச்சத்துக்குத் தக்கபடி இறங்கும். கடையில் வாங்கிய கேக்குக்கு வீடு அசையாது. இட்லிக்கு எழும்பும், ஆனால் இட்லி ஆறினதும் இறங்கிவிடும். அதனால் தினமும் காலை ஏழரை மணிக்கு அந்தத் தெரு லேசாக உயர்ந்து, ஒன்பது மணிக்கு எல்லோரும் வேலைக்குக் கிளம்பும்போது பழைய இடத்தில் வந்து உட்காரும். பிஸ்கட் செய்தால் வீடு அகலவாக்கில் பரவும். காம்பவுண்டுச் சுவர் தகராறு உள்ளவர்கள்தான் பிஸ்கட் செய்வார்கள்.

குணசுந்தரியின் வீடு அந்தத் தெருவிலேயே தாழ்ந்த வீடு. கட்டும்போது ரோட்டைவிட ஒரு படி உயரமாகத்தான் கட்டினார்கள். பிறகு ரோடு போட வந்தவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போனார்கள். நாலு வருஷம் கழித்து அதற்கும் மேலே ஊற்றினார்கள். இப்போது ரோட்டிலிருந்து ஒன்றரை அடி கீழே இறங்கித்தான் வாசலுக்கு வர வேண்டும். ஐப்பசி மழையும் அதே வழியாகத்தான் வரும். கேட்காமல் கொள்ளாமல் நேரே ஹாலுக்குள் வந்து, பீரோவின் கீழ்த் தட்டைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் தங்கிவிட்டுப் போகும்.

போன வருஷம் தண்ணீர் வடிந்த அன்று அவள் கணவர் தணிகாசலம் ஈர வேட்டியோடு நின்று சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ தண்ணி உள்ள வந்துச்சுன்னா அவ்ளோதான் சுந்தரி. வித்துட்டு திருநின்றவூர் போயிடலாம். அண்ணன் வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு."

அண்ணன் வீட்டு மாடி சும்மா கிடந்தது உண்மை. ஆனால் அண்ணி சும்மா கிடப்பவள் இல்லை. அந்த வீட்டில் காபி போடுவதானாலும் எத்தனை தம்ளர், யாருக்கு, எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். அது போகட்டும். குணசுந்தரிக்குத் தன் வீடு என்றால் உயிர். கட்டும்போது இருபத்தோரு நாள் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள். தான் ஊற்றியது போதாதென்று மழை வேறு வந்து ஊற்றுவதில் அவளுக்குக் கோபம் இருந்தது.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு தொகை சொன்னார்கள். தணிகாசலம் அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

எதிர் வீட்டு ஷமீம் பானுவின் வீட்டுக்குப் பதினோரு படி. அவளிடம் ஓவன் இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் வருஷம் தவறாமல் பிறந்த நாள் வந்ததால் வீடு தானாக மேலே போய்விட்டது. குணசுந்தரி அந்தப் பதினோரு படியும் ஏறிப் போய் ஓவனை ஒரு மாதம் இரவல் கேட்டாள்.

"ஓவன் எதுக்கு? குக்கர் இருக்குல்ல?" என்றாள் ஷமீம். "அடில ரெண்டு தம்ளர் கல் உப்பக் கொட்டு. வெயிட்டயும் கேஸ்கட்டயும் கழட்டி வெச்சுடு. பத்து நிமிஷம் சூடு பண்ணி, அப்புறம் டப்பாவ எறக்கு. முட்டைக்குப் பதிலா தயிர், வெண்ணெய்க்குப் பதிலா எண்ணெய். டப்பா அடில பழைய பேப்பர்ல எண்ணெய் தடவிப் போட்டா ஒட்டாம வரும்."

"எசன்ஸ்?"

"ஏலக்காத் தோல தூக்கிப் போடாம சர்க்கரையோட சேத்து அரைச்சுடு. போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. முக்கா மணி நேரம் ஆறதுக்குள்ள மூடியத் தொறக்காத."

"தொறந்தா?"

"ஹால் அமுங்கிடும்."

குணசுந்தரி புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தாள். மைதாவை மூன்று முறை சலித்தாள். தயிரில் ஆப்பசோடாவைப் போட்டு அது நுரைத்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய் மூடியில் கேஸ்கட்டை மாட்டிவிட்டது. கேக் புட்டு மாதிரி ஈரமாக வந்தது. வீடு அரை விரல் உயர்ந்தது, ஆனால் சுவரெல்லாம் வியர்த்துக்கொட்டியது. தணிகாசலம் துண்டை எடுத்து இரண்டு நாள் சுவரைத் துடைத்துவிட்டார்.

இரண்டாவது கேக் ஒரு பக்கமாக எழும்பியது. அடுப்பின் ஒரு கால் உடைந்திருந்ததை அவள் மறந்துவிட்டாள். சமையலறைப் பக்கம் நாலு விரலும் வாசல் பக்கம் ஒரு விரலும் வீடு உயர்ந்ததில், கூடையிலிருந்த எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக இறங்கி உருண்டு வாசலில் போய் நின்றன. அடுத்த கேக்குக்கு டப்பாவைத் திருப்பி வைத்து அந்தச் சரிவைச் சமன் செய்தாள். பிறகு அடுப்புக் காலுக்கு அடியில் மடித்த சோப்பு அட்டையைச் செருகினாள். சிக்கனத்துக்கு அவளிடம் பஞ்சம் இருந்ததே இல்லை.

நாலாவது கேக்கைத் தணிகாசலம் கெடுத்தார். அவர் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டியையும் அது வருவதற்கு முன்பே வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று குணசுந்தரி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். ஏலக்காய் வாசனை வந்தது. மணிக்கட்டைப் பார்த்தார். இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. எப்படித்தான் இருக்கிறது, ஒரு கண் பார்ப்போமே என்று மூடியைத் தூக்கினார்.

ஹாலின் நடுப்பகுதி பெருமூச்சு விட்டபடி ஒரு சாண் கீழே போனது.

அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவர் அந்தப் பள்ளத்தில் நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார். அவள் அந்தப் பள்ளத்துக்கே காபியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"திட்டிடேன்" என்றார்.

"திட்டுனா எழும்புமா?" என்றாள்.

அதற்குப் பிறகு கேக்குகள் ஒழுங்காக வந்தன. தின்பதற்குத்தான் ஆள் போதவில்லை. தணிகாசலத்துக்குச் சர்க்கரை இருந்ததால் அவருக்கு ஒரு கீற்றுதான். அதனால் தெருவில் போகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டாள். இஸ்திரி போடும் மாசிலாமணியும் அவர் மனைவியும் தினமும் நாலு மணிக்குப் பெட்டியை மூடிவிட்டு வந்தார்கள். சிலிண்டர் போட வந்தவர் இரண்டு துண்டு தின்றார். கரண்ட் கணக்கெடுக்க வந்த பெண், மீட்டர் போன தடவையைவிட உயரத்தில் இருந்ததால் ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறிப் பார்த்துவிட்டு, அதே ஸ்டூலில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனாள். வீட்டில் இவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. குணசுந்தரிக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கும் பிடித்திருக்க வேண்டும். அந்த நாட்களில் கேக்கைவிட ஒரு நூல் கூடவே உயர்ந்தது.

ஐப்பசி பிறந்தபோது தணிகாசலம் வாசலில் இருந்த கரண்ட் கம்பத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தார். ரோடு மட்டத்துக்கு இன்னும் மூன்று விரல் பாக்கி. ஒரு கேக்.

மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் ரோட்டில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. குணசுந்தரி அவசரப்படவில்லை. மைதாவை மூன்று முறையே சலித்தாள். உப்பைச் சூடாக்கினாள். டப்பாவை இறக்கி மூடினாள். கேஸ்கட் ஆணியில் தொங்குவதை இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். வெளியே தண்ணீர் வாசலுக்கு நேராக வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பது போல நிலைப்படியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

பதினெட்டாவது நிமிஷம் அடுப்பு அணைந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இன்னொரு சிலிண்டர் அந்த வீட்டில் இல்லை.

தணிகாசலம் குக்கரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அவர் முகத்தில் திருநின்றவூர் தெரிந்தது.

"வெந்துச்சா இல்லையான்னு ஒரே ஒரு தடவ..."

"வேணாங்க. உப்புல சூடு இருக்கு. ரெண்டு தம்ளர் உப்பு. அது விடாது."

"எவ்ளோ நேரம்?"

"ஆற வரைக்கும்."

அடுப்புக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு வாதாம் இலை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே ஒரு கீற்றுத் தண்ணீர் வந்தது. தணிகாசலத்தின் கை மூடியை நோக்கிப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. கடைசியில் அவர் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். முப்பத்தோரு வருஷத்தில் குளிக்கும்போது தவிர அவர் அதைக் கழற்றியதில்லை.

"இத நீ வெச்சுக்க. கையில இருந்தா நான் தொறந்துடுவேன்."

அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இருவருக்கும் தெரியாது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு ஏலக்காய் வாசனை மெதுவாக வந்தது. பிறகு வீடு, தூங்குகிறவர் தலையணையில் தலையை ஏற்றி வைத்துக்கொள்வது போல, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. வாதாம் இலை வந்த வழியே திரும்பிப் போனது. தண்ணீரும் அதன் பின்னால் போனது.

மூடியைத் தணிகாசலத்தைத்தான் திறக்கச் சொன்னாள். மூன்று விரல், அதற்கு மேல் ஒரு நூல்.

தின்ன ஆள் வேண்டும். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. குணசுந்தரி வாசலில் நின்று எதிர் வீட்டை நோக்கிக் கத்தினாள். ஷமீம் பானு மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பதினோரு படி இறங்கி, ரோட்டில் ஓடிய தண்ணீரைக் கடந்து வந்தாள். மாசிலாமணியும் மனைவியும் இஸ்திரித் துணிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் ஹால் பள்ளத்தைச் சுற்றிக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கடைசித் தூள்வரை தின்றார்கள். தணிகாசலம் அன்று இரண்டு கீற்று தின்றார். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தணிகாசலம் அண்ணனுக்குப் போன் செய்து, "இல்லண்ணே, நாங்க வரல. மாடிய யாருக்காவது வாடகைக்கு விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நகராட்சி ஓவர்சியர் வந்தார். உயர்ந்த வீடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போவது அவர் வேலை. தோளில் சாத்தியிருந்த ஆறடி ஈர்க்குச்சியை எடுத்து, வாசல் சுவரில் மெதுவாகச் செருகி, ஒரு கணம் நிறுத்தி, வெளியே இழுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குச்சியில் எதுவும் ஒட்டவில்லை.

"வெந்துடுச்சும்மா" என்றார்.

பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஹால் நடுவுல அமுங்கியிருக்கே. நடுவுல தொறந்தீங்களா?"

தணிகாசலம் போனைக் காதில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"பரவாயில்ல. கவுத்துட்டா தெரியாது. அடில பேப்பர் போட்டிருக்கா?"

"கட்டும்போதே மேஸ்திரி போட்டாரு" என்றாள் குணசுந்தரி. "எண்ணெய் தடவித்தான் போட்டாரு."

"அப்ப ஒட்டாம வந்துடும். ஒரு மணி நேரம் நல்லா ஆறட்டும். ஆளுங்கள கூட்டிட்டு வர்றேன்."

குணசுந்தரி முந்தானையை அவிழ்த்துக் கடிகாரத்தை எடுத்துத் தணிகாசலத்தின் கையில் கட்டிவிட்டாள். ஒரு மணி நேரத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பிறகு உள்ளே போய், மேல் தட்டில் இருந்த சாமான்களைக் கீழேயும் கீழ்த் தட்டில் இருந்தவற்றை மேலேயும் மாற்றி அடுக்கத் தொடங்கினாள்.