நடுப் பேரிங்கை முறுக்கிய மூன்று வெள்ளிக்கிழமைகள்

1979-ஆம் வருஷம் ஆவணி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணிக்குப் புதுச்சத்திரத்தில் சுற்றுகிற சாமான்கள் அத்தனையும் நின்றுபோயின. அப்புசாமியின் மாவு மில் நின்றது. தையல் மிஷின் நின்றது. நாமக்கல் ரோட்டில் பதினொரு லாரிகளும் ஒரு மாட்டுவண்டியும் போட்டது போட்டபடி நின்றன. தன் வாலைத் துரத்திக்கொண்டிருந்த நாய் ஒன்று பாதிச் சுற்றில் நின்று யோசித்தது. காரணம் தேடி ஊர் ரொம்ப அலையவில்லை. சென்னியப்பன் வீட்டுக் கார் ஷெட்டில் மெக்கானிக் கலீலுல்லா அப்போதுதான் எஞ்சினின் நடுப் பேரிங் மூடியை முறுக்கி முடித்திருந்தார். கால் சுற்று தளர்த்தினார், ஊர் ஓடியது. மறுபடி முறுக்கினார், நின்றது. மில்லிலிருந்து அப்புசாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "பாய், கொஞ்ச நேரம் தளத்தி வையுங்க, அரை மூட்டை கம்பு கல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு" என்று கேட்டுக்கொண்டார். பாய் தளர்த்தி வைத்தார்.

கார் எஞ்சினுக்குள் கிராங்க் என்று ஒரு கனத்த தண்டு சுற்றும். அதை மூன்று பேரிங்குகள் தாங்கும். ஒவ்வொன்றும் பிளந்த மூங்கில் மாதிரி இரண்டு மெல்லிய தகடுகள். தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே எண்ணெய் புகுந்து வர மயிரிழை இடம் வேண்டும். முன் பேரிங்கிலும் பின் பேரிங்கிலும் அந்த இடம் சரியாக இருந்தது. நடுவில் முறுக்கினால் மட்டும் தண்டு கல்லாகிவிடுகிறது. மூடி திரும்பி உட்கார்ந்துவிட்டதோ என்று கலீலுல்லா அதில் அடித்திருந்த நம்பரைப் பார்த்தார். தண்டைச் சேலத்துக்குத் தூக்கிப்போய் லேத்தில் ஏற்றினார், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. புதுத் தகடு வாங்கி அளந்தார், அளவு சரி. கழற்றும்போதெல்லாம் நடுத் தகட்டின் முதுகில் மஞ்சளாக ஒரு கறை இருக்கும். பழைய எண்ணெய்க் கசடு என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார். இரண்டாம் வெள்ளியும் ஊர் நின்றது. கண்டக்டர்கள் டைம் ஷீட்டில் 'பேரிங்' என்று காரணம் எழுதப் பழகியிருந்தார்கள்.

கலீலுல்லாவின் மனைவி ஷஹர்பானுவின் அண்ணன் பஷீர் அகமதுக்குச் சேலத்தில் ஜவுளிக்கடை. அவர் வந்து, டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "மாப்ளே, இரும்பு உங்க பேச்சைக் கேக்கறதில்ல. ஜாக்கெட் துணி கேக்கும். கடைக்கு வந்துருங்க" என்றார். ரோஷத்தில் கலீலுல்லா வாயை விட்டார்: அடுத்த வெள்ளி எஞ்சின் சுற்றாவிட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சேலம் பஸ் ஏறிவிடுவதாக. கண்ணை மூடிக்கொண்டே போல்ட்டின் இறுக்கம் சொல்லும் கை அவருடையது. அந்தக் கையில் கத்தரிக்கோலை நினைத்தாலே விரல் மரத்தது. ஷஹர்பானு டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டினாள்.

வியாழன் சாயங்காலம் தகடுகளைப் பதித்துத் துணி போட்டு மூடுவது, வெள்ளி ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து தண்டை ஏற்றுவது என்பது அவர் வழக்கம். வெள்ளி நல்ல நாள். மூன்றாம் வெள்ளி ராசிபுரம் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டவர், தொப்பியை மறந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஷெட்டுக்குள் நுழைந்தார். சென்னியப்பனின் மனைவி சௌந்திரம் தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு நின்று, நடுத் தகட்டைக் கட்டைவிரலால் நெம்பித் தூக்கி, அடியில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வெள்ளி நல்ல நாள்தான்.

"அக்கா, அங்க ஏனுங்க?"

"வெளிய வெச்சா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு உள்ள வெச்சேனுங்க பாய். மூணு வெள்ளியா வெக்கறேன், இந்த எஞ்சினுக்கு அருளே வரமாட்டேங்குது."

கலீலுல்லா தகட்டின் முதுகைப் பார்த்தார். மஞ்சள் கறை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அருள் வந்துருச்சுங்கக்கா. அது உக்காரத்தான் இடம் பத்தல."

பிறகு எஞ்சின் தலைமேல் கவிழ்க்கும் மூடியை எடுத்து நீட்டினார். "இதுமேல வையுங்க. எனக்கொன்னும் சங்கடமில்ல. நாலு பேரு பாக்கற மாதிரி பெருசாவே வையுங்க." தோசை அளவுக்கு வைத்தாள். அவர் தகட்டைக் கழுவித் துடைத்து, மறுபடி பதித்து, தொழுதுவிட்டு வந்து தண்டை ஏற்றி முறுக்கினார். வாசலில் பஷீர் அகமது குடையோடு நின்றுகொண்டிருந்தார். கலீலுல்லா சுண்டுவிரலால் தண்டைத் தொட்டார்.

சுற்றியது. அதோடு, இதுவரை சுற்றாதவையும் ஒரு தடவை சுற்றின. ரோட்டோரப் புளியமரம் வேரோடு அரைச் சுற்று திரும்பி, அடர்ந்த பக்கத்தை ஷெட்டின்மேல் காட்டி நின்றது. பஷீர் அகமது அந்த நிழலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது மாப்ளே" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார். ஷஹர்பானு பெட்டியிலிருந்த சேலைகளைக் கொடியில் போட்டாள். புளியமரத்தில் எழுதியிருந்த நம்பர் காட்டுப் பக்கம் போய்விட்டதால், மறு வாரம் நெடுஞ்சாலைத் துறை ஆள் ஒருவர் பெயின்ட் டப்பாவோடு வந்து, ரோட்டுப் பக்கம் புதிதாக எழுதிவிட்டுப் போனார்.