குளிர் தாங்கும் மீன்

அந்தத் தோல் ஷாப்பில் மீன் செத்தால் மனுஷனைத் தொட்டிக்குள் இறக்குவார்கள். ஆம்பூருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் இருக்கிற கம்பெனி அது. தோல் கழுவின தண்ணீர் எல்லாம் முதலில் பின்பக்கத்துக் கலெக்ஷன் தொட்டிக்கு வரும். அங்கிருந்து பிளான்டுக்குப் போய், மருந்து கலந்து, காற்றடித்து, மணலில் வடிந்து, கடைசியில் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிமெண்டுக் குளத்தில் விழும். அந்தக் குளத்தில் மீன் விட்டிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் மீன் நீந்துவதைப் பார்ப்பார்கள், படம் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் சுத்தம் என்பதற்கு மீன்தான் சாட்சி. மீன் மிதந்தால், பின்னால் ஏதோ அடைத்துக்கொண்டு அழுக்கு தாண்டி வந்துவிட்டது என்று கணக்கு. அடைப்பை எடுக்க ஆள் வேண்டும்.

போன மார்கழியில் மீன் மிதந்தது. ஹேமலதாவின் புருஷன் பரணிதரன் இறங்கினான். ஏணியில் பாதிதான் இறங்கினான், வாயு அடித்து மீதி தூரம் விழுந்தான் என்று கோவிந்தசாமி சொன்னார். மேலே நின்று கயிறு பிடித்திருந்தவர் அவர். கயிற்றின் மறுமுனை பரணிதரன் இடுப்பில் இல்லை, கையில் இருந்தது.

அதற்கப்புறம் கம்பெனி ஹேமலதாவுக்கு வேலை கொடுத்தது. கேட்டுப் பக்கம் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, குளத்தைப் பார்த்துக்கொள்வது. குளம் என்று சொன்னபோது சொன்னவருக்கே நாக்கு தடுமாறியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாராவது ஒருத்தர் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும். சோறு தின்றாள், தூங்கினாள், ஷிப்டு வண்டியைத் தவறவிடாமல் பிடித்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுததைக்கூட அவள் யார் வீட்டு எழவையோ பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மார்கழி வந்தது, மறுபடி ஆடிட்டு வந்தது. பிளான்டைப் பார்த்துக்கொள்ளும் சூரியபிரகாஷ் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா ஹேமா, வேன் டவுனுக்குப் போவுது. கூடப் போய் மீன் வாங்கியாந்துடு. கலர் கலரா பாத்து வாங்கு. போன தடவை நான் வாங்கின..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"செத்துட்டா இன்னா சார் பண்றது?"

"ஏன் சாவுது? செத்தா தொட்டியத்தான் பாக்கணும்."

"யாரு பாப்பாங்க?"

"கோவிந்தசாமி இருக்கான்ல" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் இறங்கக் கூடாது என்று சிவப்பில் புதுசாக ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள். பரணிதரன் செத்த பிறகு மாட்டினது. கோவிந்தசாமி அதன் ஆணியில்தான் சட்டையைத் தொங்கவிடுவார்.

வேனில் ஏறப் போகும்போது அவர் கேட்டருகே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று விரலெல்லாம் வெடித்துக் கிடக்கும்.

"மீன் பாக்கப் போறியாமே. பொண்ணு பாக்கற மாதிரி மூக்கு முழியப் பாத்துட்டு வந்துடாத. நல்லா கெட்டியா, நோவு நொடி இல்லாததா பாத்துப் புடி."

"சரிண்ணா."

"அது செத்தா என்னை எறக்குவானுங்க. எனக்கு ஏறத் தெரியும், எறங்கத்தான் இப்பல்லாம் முட்டி மடங்கல" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு பீடியை அணைத்தார்.

சமீருல்லாவின் மீன் கடை பஜாரில், செல்போன் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் ஒரு சந்து அகலத்துக்கு இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே போனால் வெதுவெதுப்பாக இருந்தது.

"இன்னாமா வேணும்?"

"மீனு. சாவாத மீனா குடுங்க பாய்."

"சாவாத மீனு பிளாஸ்டிக்லதாம்மா வருது. அதோ மேல தொங்குது பாரு."

அவள் சிரிக்காமல் நிற்கவும் அவர் வியாபாரத்துக்கு வந்தார். "வீட்டுக்கா? எவ்ளோ பெரிய தொட்டி?"

"வெளிய உடறதுக்கு. சிமெண்டுக் குளம். ரெண்டு கட்டில் போடலாம், அவ்ளோதான் இருக்கும். மேல கூரை கெடையாது."

"ஹீட்டர் இருக்குதா?"

"அப்டின்னா?"

ஒரு தொட்டிக்குள் கண்ணாடிக் குச்சி மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் தலையில் சின்னதாகச் சிவப்பு விளக்கு. "இதான். தண்ணிக்கு சூடு காட்டறது. இதுல இருக்கறதெல்லாம் சூட்டு நாட்டுல பொறந்த ஜாதி. குளிர் ஆவாது."

அந்தத் தொட்டியில் தட்டையாக, கோடு போட்ட மீன்கள் துணி காய்கிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே நீலமும் சிவப்புமாகப் பொடி மீன்கள். ஹேமலதாவுக்கு அவற்றை அடையாளம் தெரிந்தது. போன மார்கழியில் அவளைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது குளத்தோரம் ஒரு பக்கெட்டில் அள்ளிப் போட்டு வைத்திருந்தார்கள். எதற்கோ குனிந்து பார்த்தாள். அந்த நேரத்தில் அதை ஏன் பார்த்தாள் என்று இப்போதும் தெரியவில்லை.

"இது வெளிய உட்டா?"

"ஏஞ்சலும் டெட்ராவுமா? மாடி வீட்டு ஏசி ரூம் புள்ளைங்கம்மா அதெல்லாம். மார்கழில இந்த ஊரு குளிரு எப்படின்னு உனக்குத் தெரியாதா? மலைலருந்து எறங்கறது மொத்தமும் விடியக்காலம் நம்ம தலை மேலதான். சாயங்காலம் உட்டா காலைல மெதக்கும்."

"தண்ணி நல்லா இருந்தாலுமா?"

"பாட்டில் தண்ணி வாங்கி ஊத்து, அப்பவும் மெதக்கும். தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. குளிரு."

அவள் தலையாட்டினாள். கடைக்காரர் வலையை எடுத்துக்கொண்டு கடைசித் தொட்டிக்குப் போனார்.

"கோல்டு ஃபிஷ்தான் உனக்கு சரி. அதுலயும் ஒத்தை வாலு. ரெட்டை வாலு, பானை வயிறு, முட்டைக் கண்ணு இதெல்லாம் பாக்கத்தான் அழகு, வெளில தாங்கறது கம்மி. கோய்னு ஒண்ணு இருக்குது, குளிரும் தாங்கும், ஆனா ஆடு கணக்கா வளந்துடும். உன் குளத்துக்கு பேஜாரு. இந்த ஒத்தை வால் இருக்குதே, கூலிக்காரன் மாதிரி. போட்ட எடத்துல பொழைச்சுக்கும். நெருக்கமா உடாத. குளிர்ல தீனி கம்மியா போடு, ஜீரணம் ஆவாது."

நீயே பார்த்து எடு என்று அவளை முன்னால் விட்டார். ஓரமாக ஒதுங்கி நிற்பது வேண்டாம், துடுப்பை ஒடுக்கி வைத்திருப்பது வேண்டாம், மேலே வந்து வாயைப் பிளப்பது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் கை காட்டியதை வலையில் பிடித்து, பையில் போட்டு, காற்றடித்து, ரப்பர் மாட்டினார்.

"எந்தக் கம்பெனி?"

சொன்னாள்.

"அட. போன வருஷம் அங்கருந்து ஒரு சார் வந்துதான் ஏஞ்சலும் டெட்ராவும் அள்ளிட்டுப் போனாரு. வெளிய உடறதுக்குன்னு சொல்லவேல்ல. நான் ஆபீஸ்ல கண்ணாடித் தொட்டி வெக்கறாங்கன்னு நெனச்சேன்." ரப்பரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "அப்பதான் அங்க ஒரு ஆளு தொட்டில வுழுந்து செத்துட்டான்னாங்க. உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"தெரிஞ்ச ஆளுதான்."

"பாவம்" என்றார் சமீருல்லா. பையை அவள் கையில் கொடுத்தார்.

வேனில் பையை மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீரின் குளிர்ச்சி புடவையைத் தாண்டித் தொடையில் ஏறியது. அப்படியென்றால் அன்றைக்குத் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. தொட்டியில் அடைப்பும் இல்லை. ஃபயர் சர்வீஸ் ஆள் ஒருத்தர், உள்ளே அடைப்பு எதுவும் காணோமே என்று அன்றைக்கே சொன்னார். அது அவள் காதோடு நின்றுபோயிருந்தது. தோல் ஷாப்பில் எது செத்தாலும் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவார்கள். குளிர் என்று ஒன்று இருப்பது யாருக்கும் தோன்றவில்லை, சால்வை போர்த்திக்கொண்டு நின்றவர்களுக்குக்கூட. இதற்குக் கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பள்ளிகொண்டா போகிற பஸ் ஒன்று வேனை உரசிக்கொண்டு போனது. டிரைவர் திட்டினார். கோபம் வரவில்லை.

சூரியபிரகாஷ் பையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாது, எல்லாம் ஒரே செவப்பா இருக்குது?"

"இது குளிர் தாங்கும் சார். போன தடவை உட்டது தாங்காதாம். தண்ணி நல்லா இருந்தாலும் செத்துத்தான் போயிருக்குமாம்."

அவர் பையைக் கீழே வைத்தார். பரணிதரனைத் தூக்கிப் போட்டிருந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதவர் இவர். அவளைவிட அதிகமாக அழுதவர்.

"எவன் சொன்னான்? கடைக்காரனா? நம்ம தண்ணியப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்?" அப்புறம் குரலை இறக்கி, "இதை வெளில பேசிட்டிருக்காத" என்றார்.

"யார்கிட்ட சார் பேசறது?"

கோவிந்தசாமியிடம் சொன்னாள். டீ நேரத்தில், பிளான்டின் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டார்.

"அப்ப அடைப்பு இல்லியா?"

"இல்லண்ணா."

"சும்மாதான் எறங்கினானா?"

"சும்மாதான்."

டம்ளரில் மிச்சமிருந்த டீயை மண்ணில் ஊற்றினார். ஊற்றிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

மீன்கள் குளத்தில் பழகிவிட்டன. தினமும் அவள் முதல் வண்டியில் வந்ததும் போய்ப் பார்ப்பாள். விடியற்காலையில் எல்லாம் அடியில் போய்ச் சிமெண்டோடு ஒட்டிக் கிடக்கும். நிறம்கூட மங்கியிருக்கும். முதல் நாள் அவள் கையை விட்டு ஒன்றைத் தொட்டபோது, தூக்கத்தில் எழுப்பின மாதிரி ஒரு முழம் நகர்ந்து மறுபடி படுத்தது. வெயில் குளத்தில் விழுந்ததும் ஒவ்வொன்றாக மேலே வரும். சூரியபிரகாஷ் வருகிற நேரத்துக்கு எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் அவர் ஒரு நாளும் அவை கிடந்து பார்த்ததில்லை.

ஆடிட்டு அன்றைக்கு அவர் இருட்டு பிரிவதற்குள் வந்துவிட்டார். பனி மூடி, பைபாஸில் போகிற லாரியின் விளக்கு மட்டும் தெரிந்தது. குளத்தில் டார்ச் அடித்தார்.

"போச்சு. எல்லாம் போச்சு" என்றார்.

"சாவல சார். காலைல அப்படித்தான் கெடக்கும். வெயில் வந்தா எழுந்துக்கும்." ஹேமலதா கையை விட்டு ஒன்றைத் தள்ளினாள். அது மெதுவாக நகர்ந்து அடியில் தங்கியது.

"பாரு, மயக்கத்துல இருக்குது. அழுக்கு தாண்டி வந்துட்டுது. இன்னும் கொஞ்சத்துல மெதக்கும், அவனுங்க வர்ற நேரத்துக்கு." கேட்டிலிருந்த வாட்ச்மேன் அப்துல் வஹாபைப் பார்த்து, "கோவிந்தசாமிய கூப்டு பாய். கயித்தோட வரச்சொல்லு" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார். வெயில்..."

"வேலூர் ஓட்டல்லருந்து கெளம்பிட்டாங்க. நான் வெயிலுக்குக் காத்துட்டு இருக்கட்டுமா?"

கோவிந்தசாமி வந்தார். சட்டையைக் கழற்றி போர்டின் ஆணியில் மாட்டினார். கயிற்றை இடுப்பில் சுற்றி, ஒன்றுக்கு இரண்டாக முடிச்சுப் போட்டார். ஹேமலதா அவர்களுக்குப் பின்னால் நடந்து வந்தாள். தொட்டியின் இரும்பு மூடி பனியில் நனைந்திருந்தது. அதைத் தூக்கக் கோவிந்தசாமி குனிவதற்குள் அவள் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரு ஹேமா."

"வெயில் வரட்டும் சார்."

"விளையாடற நேரமா இது? எழுந்திரும்மா."

அவள் கால்களை மடக்கி நன்றாக உட்கார்ந்தாள்.

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

அவள் யோசித்தாள். வீட்டு வாடகை, மாமியாரின் மாத்திரை, எல்லாம் வரிசையாக வந்தன.

"வேணும் சார்" என்றாள். எழுந்திருக்கவில்லை.

சூரியபிரகாஷுக்கு அவளைத் தொட்டு இழுக்கக் கை வரவில்லை. "தூக்குடா அவளை" என்றார் கோவிந்தசாமியிடம்.

கோவிந்தசாமி அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இடுப்பு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். பனியில் நனைந்த கயிறு லேசில் அவிழவில்லை. "நான் குனிஞ்சா நிமிர முடியாது சார். முட்டி போயிட்டுது" என்றபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் இன்னிக்கோட முடிஞ்சீங்க" என்றார் சூரியபிரகாஷ். ஆனால் போகவில்லை. போனை எடுத்தார், யாரையோ கூப்பிட்டார், எதிர்முனையில் எடுத்ததும் பேசாமல் கட் பண்ணினார். மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். மூடியின் இடுக்கு வழியாக அழுகிய முட்டை நாற்றம் வந்துகொண்டிருந்தது. ஹேமலதா முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்ளவில்லை. மலைக்கு மேலே வெளிச்சம் வந்தது, பனி கலைந்தது, பிளான்டின் கூரைத் தகடு முதலில் மின்னியது, அப்புறம் கேட்டுப் பக்கம் முழுக்க வெயில் அடித்தது.

"சார்" என்று அப்துல் வஹாப் கேட்டிலிருந்து கூப்பிட்டார். "மீனு மேல சுத்துது. வந்து பாருங்க."

சூரியபிரகாஷ் ஓட்டமும் நடையுமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் கார் வந்து நிற்கிற சத்தமும், அவர் ஆங்கிலத்தில் வரவேற்கிற சத்தமும் கேட்டன. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"எழுந்துக்கோ. அவர் போய்ட்டாரு" என்றார் கோவிந்தசாமி.

"இருக்கட்டும்ணா. ஆடிட்டு முடியட்டும்."

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலைலயும் இப்படியே கெடக்குமே."

"கெடக்கும். வேலைல வெச்சிருந்தா நாளைக்கும் வந்து உக்காந்துக்கறேன்."

"வெச்சிக்கலன்னா?"

அவள் பனியில் நனைந்த புடவைக் கொசுவத்தைப் பிழிந்தாள். கோவிந்தசாமி கயிற்றைச் சுருட்டினார். சுருட்டி முடித்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் மடியில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனார்.