தூக்கத்துக்கு இணைப் பாடம்

வெளிநாட்டுக்குப் போய் அவள் படித்துவிட்டு வந்தது தூக்கத்தை. தூங்குகிறவரின் மூச்சையும் இதயத்தையும் கவனித்துக் கோளாறு கண்டுபிடிக்கும் படிப்பு. கேட்பவர்களிடம் அம்மா இவ்வளவு நீட்டுவதில்லை. "தூங்குறதுக்குப் பட்டம் வாங்கியிருக்கா. என்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே சொல்லிக்குடுத்திருப்பேன்" என்பாள்.

அந்தப் பட்டம் இங்கே செல்லும் என்று இணைச் சான்றிதழ் கிடைத்தால் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. இந்த வாரத்துக்குள் கிடைக்காவிட்டால் வேலை வேறொருவருக்கு. அதற்காகத்தான் இந்த அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறாள்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மின்விசிறி மனசில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரியின் விரல் பாடப் பட்டியலில் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"வருஷம் பூரா, அடுத்தவங்க தூங்குறதப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. அதுக்கு இத்தனை கிரெடிட்டா?"

"அதுதான் சார் செய்முறைப் பயிற்சி."

"வாத்தியார் பேசணும், பிள்ளைங்க கேக்கணும். நாங்க அதைத்தான் பாட நேரமா எடுத்துக்குவோம். இதுல யாருமே பேசலியேம்மா!"

அவள் பட்டியலை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினாள். "இருங்க, விதியப் பாக்கறேன்" என்று தடித்த புத்தகத்தைப் பிரித்தவர், பக்கம் புரட்டும் முன்பே சொக்கிப்போனார்.

அறையே கிறங்கியது. திரைச்சீலை உப்பி உப்பித் தணிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு மேசைகள் கட்டில்களாயின, கோப்புக் கட்டுகள் தலையணைகளாயின. அவள் படித்த ஊரில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் படுத்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து இங்கே படுத்துக்கொண்டன. அத்தனை பேர் மூச்சும் ஒன்றாகி ஏறி இறங்க, அவள் அதில் மிதந்தாள். முன்பின் தெரியாதவர்கள் அவளை நம்பிக் கண்ணை மூடினார்களே, அந்த நாட்களுக்காக மனம் ஏங்கியது.

திடீரென்று ஒரு மூச்சு குறைந்தது.

அதிகாரியுடையது. மார்பு எழும்பப் பார்த்தது, முடியவில்லை. உதடு கறுத்துக்கொண்டே வந்தது. அவள் பாய்ந்து போய்த் தோளை உலுக்கினாள். பெரிய கனைப்போடு காற்றை இழுத்துக்கொண்டு அவர் விழித்தார்.

"தூங்கலம்மா, யோசிச்சிட்டிருந்தேன்."

"மூச்சு நின்னுபோச்சு சார். ராத்திரியும் மூச்சு முட்டி எழுந்திரிப்பீங்களே?"

மனிதர் முகத்திலிருந்த அதிகாரம் போன இடம் தெரியவில்லை.

"அதுக்குப் பயந்துதான் வீட்ல படுக்கறதே இல்ல. இத யார்கிட்டம்மா காட்டறது?"

"என்னை மாதிரி ஆள்கிட்டதான். ஆனா நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் நான் அந்த ஆள் இல்லயே சார்."

 அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"வெளிநாட்டுப் பாடத்துக்கு இங்க இணைப் பாடம் இல்லன்னா அதிகாரி முன்னால செய்முறைத் தேர்வு வைக்கலாம்னு விதி இருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் வெச்சதில்ல."

கதவைச் சாத்திவிட்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவளுடைய கோப்பின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"நின்னா எழுப்பிடுவீங்கல்ல?"

"எழுப்பிடுவேன் சார். தூங்குங்க."