கடலை வற்றவைத்த கோழி

"ஒரே ஒரு கோழிய வச்சு ஒரு பெருங்கடலச் சொட்டு மிச்சமில்லாம வத்த வச்சவ நான்" என்று அவள் காலைக் கூட்டத்தில் சொன்னபோது, பதினான்கு பேரில் ஒருவரும் நிமிரவில்லை. நிமிரக் கழுத்தில் தெம்பு வேண்டுமே. வீடியோ கேம் வெளிவர இன்னும் இரண்டு வாரம். அந்த அலுவலகத்தில் காப்பி மெஷினே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. இரண்டு வருடத்தில் அந்த கேமின் ராஜாவைப் பதினோராயிரம் தடவை கொன்றிருக்கிறாள். அலுத்துப்போன ராஜா இப்போதெல்லாம் அவளைக் கண்டதும் தானே படுத்துக்கொள்கிறான் என்று பேச்சு. கடலுக்கு புரோகிராம் எழுதியவர் எதிர் நாற்காலியில் இருந்தார். அவள் புருஷன்தான்.

"என் கடல் வத்தாது. ஏதாவது கனவு கண்டிருப்ப."

கனவு என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. கதாநாயகன் கையில் கோழியைக் கொடுத்துவிட்டு, கன்ட்ரோலரை மடியில் வைத்தபடியே அவள் கண்ணயர்ந்திருந்தாள். ஆறு மணி நேரம். விழித்துப் படகில் ஏறினால் கடலைக் காணோம். சேவ் பண்ணி வைத்திருந்த ஆட்டமும் கூடவே போயிற்று. குறைப்பட்டியலில் கோழி, படகு, கடல் எல்லாவற்றையும் எழுதினாள். தூக்கத்தை மட்டும் விட்டுவிட்டாள். வேலை நேரத்தில் தூங்கினேன் என்று எந்த மகராசி தன் கையாலேயே எழுதிக் கொடுப்பாள்?

"நாங்களும் கோழியத் தூக்கிட்டுப் படகுல ஏறிப் பாத்தோம்மா. கடல் கிணத்துத் தண்ணி மாதிரி அசையாம கெடக்கு" என்றார் மேனேஜர். வெளியீட்டுத் தேதியைக் காப்பதற்கென்றே பிறவி எடுத்தவர். அவர் பட்டப்பெயர் காலண்டர். "தேதி சொல்லியாச்சு. டிஸ்க் அடிக்கப் போயாச்சு. ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு உடையுது. போன வாரம் குதிரைக் காலச் சரிபண்ணப் போய் ராஜாவுக்குத் தாடி கழண்டு விழுந்துச்சு. முதல்ல வெளிய போகட்டும், மிச்சத்த அப்புறம் திருத்தி அனுப்பற பேட்ச்ல பாத்துக்கலாம்."

"சார், நாம பதினாலு பேர். வாங்கப்போறவங்க பத்து லட்சம். அவங்க ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆடுறதுக்கு நம்ம ரெண்டு வருஷம் உறை போடக் காணாது. சேவ் பண்ணதெல்லாம் போயிடும் சார், பாவம்."

"எந்தக் கிறுக்கனும் கோழியோட திரிய மாட்டான்" என்றார் புருஷன்.

தூங்கினேன் என்று சொல்லியிருந்தால் போதும். வாய்வரை வந்த சொல் கொட்டாவியாக வெளியேறிவிட்டது. புருஷன் பட்டியலில் 'நடக்காது' என்று குறித்தார்.

கேம் வெளியான மறுநாள், ஒரு வருடத்தில் முதல்முறையாக இருவரும் வீட்டில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள். கை வாய்க்குப் போகும் வழியில் இரண்டு தடவை ஓய்வெடுத்தது. போன் அடித்தது. அவருடைய அண்ணன், இந்த கேமுக்காகவே லீவு போட்டிருந்தவர்.

"டேய், கடல் எங்கடா?"

"எந்தக் கடல்?"

"நீ எழுதினியே, அதுதான். படகு மணல்ல நிக்குது. மீனெல்லாம் நடந்து போகுது. நான் நேத்துலேர்ந்து ஆடினது அத்தனையும் போச்சு. உங்க அண்ணி வேற பின்னாடி நின்னு சிரிக்கிறா."

அவர் மனைவியைப் பார்த்தார். "கோழி வச்சிருந்தியாண்ணா?"

"உனக்கெப்படித் தெரியும்? கோழியப் பிடிச்சேன், அப்படியே கண்ணச் சொக்கிடுச்சு. முழிச்சப்ப விடிஞ்சிருந்துச்சு."

போனை வைத்ததும் அவள் தட்டைத் தள்ளினாள். "நானும் கோழியோட ஆறு மணி நேரம் தூங்கிட்டேங்க. வெக்கப்பட்டு எழுதல. எழுதியிருந்தா உங்கண்ணனுக்குப் போயிருக்காது."

கோபப்படக்கூட அவரிடம் சக்தியில்லை. எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். புரோகிராமை வரி வரியாகத் துழாவினார்.

"கையில இருக்கற கோழி நிமிஷத்துக்கு ஒரு முட்டை போடுது. கண்ணுக்குத் தெரியாது. முந்நூறு தாண்டினா மெஷின்ல இடமில்ல. படகுல ஏறினதும் இருக்கறதுலயே பெருசான கடலத் தூக்கி வெளிய போட்டுடுது, சேவ் பண்ணதும் அதோட போயிடுது."

"பேட்ச் எப்ப போகும்?"

"நாளைக்கு. அண்ணனோடது திரும்பாது."

பட்டியலைத் திறந்து, தான் போட்ட குறிப்பை அழித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"வத்திடுச்சு" என்றார். "நீ சொன்ன மாதிரியேதான்."