அவசரத்துக்கு ஒருவர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்குப் பாக்கியராசாவின் ஆஸ்பத்திரி இணையக் கணக்கை யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். அந்த நேரம் அவர் டொராண்டோவின் வோபர்ன் பகுதியில், வீட்டில் தன் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போன செவ்வாயும் இதே கதை என்று கணக்கின் பதிவு காட்டியது. இன்னும் ஒன்பது நாளில் இதய ஆபரேஷன். உள்ளே புகுந்தவன் அதை ரத்துச் செய்துவிட்டால்?

பூட்டின் இலட்சணம் அப்படி. எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்ட்: மகளின் செல்லப் பெயர், கனடாவில் வந்திறங்கிய வருடம். டொராண்டோவில் நம்மவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் சாவி. அது இரகசியம் என்று வேறு நினைப்பு.

நண்பர் இராஜரட்ணம் பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றைப் போடச் சொன்னார். எல்லாப் பாஸ்வேர்டையும் அது பூட்டி வைக்கும், ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்த இலவச லிங்க்கையும் அனுப்பினார். பாக்கியராசா துருவிப் பார்த்தார். நடத்துபவரின் பெயருமில்லை, விலாசமுமில்லை. கள்ளனுக்குப் பயந்து ஊர் பேர் தெரியாதவனிடம் சாவியைக் கொடுப்பதா? நான்கு நாள் கண்ணெரிய வாசித்து, வெளியார் ஆண்டுதோறும் சோதிக்கிற, கம்பனிக்காரரே திறக்க முடியாத ஒன்றைப் பிடித்தார். ஆஸ்பத்திரிக் கணக்குக்கு இருபது எழுத்தில் புதுப் பாஸ்வேர்ட் போட்டார்.

கடைசியில் அது ஒன்று கேட்டது. உங்களுக்கு ஏதும் நடந்தால் யார் திறக்கலாம்? ஒரு பெயர், ஒரு ஈமெயில். மனைவி போய் ஆறு வருடம். ஒரே மகள் சுலக்சனா பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை; இரண்டு வருடமாகப் பேச்சில்லை. எந்த முகத்தோடு கேட்பது? இடத்தை வெறுமையாக விட்டார். அதற்குப் பிறகு பயம் குறையவில்லை, கூடித்தான் போனது; அவசரத்துக்கு எழுத ஒரு பெயர்கூட இல்லையே.

அடுத்த செவ்வாய், ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கையில், காலை ஆறேகாலுக்கு ஃபோன் அடித்தது. மகள்.

"அப்பா, பாஸ்வேர்டை மாத்திட்டீங்களோ?"

"நீயோ உள்ளுக்கு வந்தது?"

"ஓம். செவ்வாயில செவ்வாயில உங்கட ரிசல்ட்டைப் பார்த்திட்டுத்தான் வேலைக்குப் போறனான். இனி நான் எப்பிடிப் பார்க்கிறது?"

ஒரு கிழமையாக யாரை வெளியே தள்ளப் பாடுபட்டோம் என்று நினைக்க, வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வெறும் இடத்துக்கு வந்தார்.

"உன்ர ஈமெயிலைச் சொல்லு, பிள்ளை," என்றார். "ஒவ்வொரு எழுத்தா, மெல்லமாச் சொல்லு."